முதலாம் தளத்துக்கு நடந்து போனவள்

போன கிழமை எங்கள் பழைய பேஸ்போல் ரீமின் வட்ஸ்அப் குழுவில் நான் ஒரு கட்டுரை போட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் யன்னலோரம் இருந்துகொண்டு போட்டது. யார் யார் பார்த்தீர்கள் என்று அமத்திப் பார்த்தேன். எல்லோருடைய பெயரும் இருந்தது. கைதடி தாண்டும்போது ஒருத்தி கட்டைவிரல் படம் போட்டாள். நுணாவில் தாண்டும்போது இன்னொருத்தி தன் மகளின் முதலாவது பிறந்தநாள் கேக்கைப் போட்டாள். அதோடு எல்லோரும் கேக்குக்குப் பின்னால் போய்விட்டீர்கள்.

கோபமில்லை. கேக்கும் நல்ல வடிவான கேக். ஆனால் அந்தக் கட்டுரையை யாராவது வாசித்திருந்தால் இதை நான் எழுத வேண்டி வந்திராது. எங்களுக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் ‘அந்தக் காலத்திலை’ என்று தொடங்குவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. என்றாலும் தொடங்குகிறேன். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் கொழும்பிலும் வேலைக்குப் போகிற வழியில் துண்டு துண்டாக வாசியுங்கள்.

கட்டுரை இதுதான். அமெரிக்காவில் பேஸ்போல் ரீம்களுக்குள் பெரிய பணக்காரர்களும் இருக்கிறார்கள், கையில் காசு குறைந்தவர்களும் இருக்கிறார்கள். பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்புகிற ஆட்களைப் பணக்கார ரீம்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சமிருப்பவர்களை வைத்துக்கொண்டு மற்ற ரீம்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? மற்றவர்கள் பார்த்தும் பாராமல் விட்டதைத் தேடுகிறார்களாம். ஓடினால் பார்க்க அழகில்லாதவன், ஒரு தினுசாகக் கையைச் சுழற்றி எறிகிறவன், வயது போனவன் என்று மற்றவர்கள் கழித்துவிட்டவர்களுக்குள்ளே ஓட்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கிறார்களாம். அதிலே ஒரு பந்தியை நான் நாலு தரம் வாசித்தேன். அடிக்காமல், பிழையான பந்தையெல்லாம் பொறுமையாக விட்டுவிட்டு முதலாம் தளத்துக்கு நடந்து போகிறவனைப் பற்றிய பந்தி. அவனை நெடுங்காலம் ஒருவரும் மதிக்கவில்லையாம். மலிவாகக் கிடைத்தானாம். ஆனால் ஆட்டமிழக்காமல் தளத்துக்குப் போய்ச் சேருகிறவன்தான் ஓட்டத்துக்கு விதை போடுகிறவன் என்று காசில்லாத ரீம்கள் முதலில் கண்டுபிடித்தனவாம்.

நாவற்குழிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குக் கண்ணீர் வந்தது காற்றால் என்றுதான் பக்கத்தில் இருந்த அன்ரி நினைத்திருப்பா.

உங்களுக்கு எங்கள் மைதானம் நினைவிருக்கும். நான் பத்தாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சேர்ந்த வருசம். நீங்களெல்லாம் பாலர் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். ஒருத்தியின் பென்சிலை மற்றவள் கேட்காமலே எடுப்பாள். நான் ‘எடுக்கட்டோ’ என்று கேட்டுத்தான் எடுப்பேன். ரீமுக்கு ஒன்பது பேர் வேண்டும், எட்டுப் பேர்தான் சரியாகக் கிடைத்தார்கள் என்பதால் என்னைக் கூப்பிட்டீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓடி வந்தேன்.

தளங்களுக்குப் பதிலாக மணல் நிரப்பிய உரப்பைகள். வீட்டுத்தளம் பழைய கால்மிதி ஒன்றில் வெட்டியது. வெயிலில் ரப்பர் மணக்கும். ஒரே ஒரு அலுமினியம் மட்டை. அதில் பந்து பட்டால் பள்ளிக்கூட மணியை யாரோ கரண்டியால் தட்டியது மாதிரி இருக்கும். கையுறை ஒன்பது பேருக்கும் போதாது. ஆட்டத்தின் பாதியில் எதிர் ரீமிடம் ‘அக்கா, ஒருக்காத் தாங்கோ’ என்று வாங்கிப் போட்டுக்கொண்டு அவர்களையே ஆட்டமிழக்கச் செய்வோம். வாங்கிய கையுறைக்குள் மற்றவளுடைய கையின் வெதுவெதுப்பு இன்னும் இருக்கும். எனக்கு அது பிடிக்கும். உங்களுக்கு நான் அதைச் சொன்னதில்லை.

எங்கள் விளையாட்டுச் சேர் இளமையில் கிரிக்கெட் ஆடியவர். பேஸ்போலை ஒரு பயிற்சி வகுப்பில் படித்துவிட்டு வந்து முதல்நாளே எங்களுக்குச் சொன்னார்.

“பிள்ளையள், பயப்பிடாதேங்கோ. இது ஒண்டும் புதுச் சாமானில்லை. கிரிக்கெட்டிலை விக்கெட்டைக் கழட்டி எறிஞ்சுபோட்டு வட்டமா ஓடுறது. அவ்வளவுதான்.”

அதனால் பந்து எறிகிறவளை நாங்கள் ‘போலர்’ என்றோம். பின்னால் குந்தியிருந்து பிடிக்கிறவளைக் ‘கீப்பர்’ என்றோம். இன்றைக்கும் கனடாவில் இருக்கிற அவளுடைய பெயர் என் கைபேசியில் கீப்பர் என்றுதான் இருக்கிறது. நல்ல மனிதர் சேர். தன் மோட்டார் சைக்கிளில் பின்னுக்குக் கட்டித்தான் எங்கள் பந்துகளைக் கொண்டு திரிந்தார். ஆனால் அவருடைய தலைக்குள் இருந்தது கிரிக்கெட். என்னுடைய சிக்கலெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

விளையாட்டை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எறிகிறவள் பந்தை வீட்டுத்தளத்துக்கு மேலாக, அடிக்கக்கூடிய உயரத்தில் எறிய வேண்டும். அப்படி வந்தது ‘ஸ்ட்ரைக்’. எந்தப் பந்துக்காவது மட்டையை விசுக்கித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக்தான். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். உயரத்திலும் புறத்திலும் தாறுமாறாக வந்தால் அது ‘போல்’. அந்த மாதிரி நாலு வந்தால், அடிக்காமலே முதலாம் தளத்துக்கு நடந்து போகலாம். அங்கே ஏற்கனவே ஒருத்தி நின்றால் அவள் அடுத்த தளத்துக்கு நகர்வாள், இப்படித் தளமெல்லாம் சுற்றி வீட்டுத்தளத்துக்கு வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம்.

நான் நடந்து போகிறவள்.

எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது. இப்போது தெரியும் என்று நினைக்கிறேன். எங்கள் வீடு சாவகச்சேரிக்குக் கிட்ட, ஏ-ஒன்பது வீதியிலிருந்து இரண்டு வளவு தள்ளி. அப்பா கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் நின்றார். தீபாவளிக்கு வருவார், சில வருசம் அதற்கும் வரமாட்டார். அம்மா ஆசுபத்திரியில் பணியாளர். காலையில் நான் எழும்பும்போது சில நாள் அவ வேலைக்குப் போயிருப்பா, சில நாள் வேலையால் வந்து படுத்திருப்பா. நான் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு வாசல் படலையடியில் போய் நிற்பேன். கொழும்பிலிருந்து வரும் பஸ்கள் விடியற்காலையில் அந்த வீதியால்தான் போகும். முதலில் ஒவ்வொன்றையும் அப்பா வருகிற பஸ் என்று நினைப்பேன். பிறகு பிறகு, வெளிச்சம் தெரிகிற தூரத்திலேயே, அது வேகத்தைக் குறைக்குமா, எங்கள் சந்தியில் நிற்குமா, நிற்காமல் போகுமா என்று எனக்குத் தெரிந்துவிடும். அநேகமாக நிற்காமல்தான் போகும்.

பந்தும் அப்படித்தான். எறிகிறவளின் கையை விட்டுக் கொஞ்சத் தூரம் வந்ததுமே, இது எனக்கில்லை என்று தெரிந்துவிடும். விட்டுவிடுவேன்.

ஆனால் அடித்துவிட்டு ஓடுகிறவளுக்கு எல்லோரும் கத்துவீர்கள். நடந்து போகிறவளுக்கு என்ன சொல்லிக் கத்துவது? மட்டையைக் கீழே வைத்துவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஒருவரும் துரத்தாமல், ஒருவரும் கத்தாமல், அந்த உரப்பை வரைக்கும் நான் தனியே நடப்பேன். அங்கே எதிர் ரீமின் பெட்டை ஒருத்தி நிற்பாள். ஆட்டத்தில் என்னோடு அதிகம் கதைத்தது அவர்கள்தான்.

நீங்கள் பகிடி பண்ணுவீர்கள்.

“எடியே, உனக்கு எதுக்கடி மட்டை? வெறுங்கையோடை போனாலும் உதுதானே நடக்கப்போகுது!”

“உவளுக்கு மட்டை வெயிலுக்குப் பிடிக்க.”

நானும் சிரிப்பேன். பகிடி பண்ணப்படுவதும் ஒரு வகையில் கூட்டத்தில் இருப்பதுதான்.

ஆட்டம் முடிந்ததும் சேர் எங்களை மைதானத்து வேப்பமரத்தடியில் நிறுத்தி, ஆளுக்கு ஆள் எத்தனை அடித்தோம் என்று உரத்துச் சொல்வார்.

“கீப்பர், ரெண்டு. கெட்டிக்காரி. போலர், ஒண்டு. நீ...” என்னைப் பார்த்துக் கொஞ்சம் யோசிப்பார். “நீ சைபர்.”

ஒருநாள் துணிந்து கேட்டேன். “சேர், நான் இண்டைக்கு எல்லா முறையும் முதலாம் தளத்துக்குப் போனனான். அதிலை ரெண்டு முறை ஓட்டமும் எடுத்தனான்.”

“அது அவை பிழையா எறிஞ்சதாலை வந்தது பிள்ளை. கிரிக்கெட்டிலை வைட் போட்டால் அந்த ஓட்டம் ஆற்றை பேரிலை விழும்? உதிரி. உதிரி ஆருக்கும் சொந்தமில்லை. நீ அடிச்சால்தான் அது உன்ரை.”

அந்த வேம்படியில் இருந்த யாருக்கும், எனக்குமே, அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆளுக்கு வைட் உதிரிதானே. அமெரிக்காவில் யாரோ ஒருவன் இதே விசயத்தை வைத்து ஒரு ரீமையே கட்டிக்கொண்டிருந்தான் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அப்பாவின் அழைப்பு வரும். கடைக்குள் நின்று எடுப்பார். பின்னால் மூட்டை இழுக்கிற சத்தமும் சிங்களத்தில் யாரோ கூப்பிடுகிற சத்தமும் கேட்கும்.

“எத்தினை அடிச்சனி?”

“இந்தமுறை அடிக்கேல்லை அப்பா.”

“பரவாயில்லை. அடுத்தமுறை ஒண்டு போடு. சாப்பிட்டியோ?”

“ஓம்.”

“அம்மாட்டைக் குடு.”

இவ்வளவுதான் எங்கள் கதை. அவருக்கும் வேறு என்ன கேட்பது என்று தெரியாது. எனக்கும் ‘நடந்து போனனான்’ என்பதை எப்படிப் பெருமையாகச் சொல்வது என்று தெரியாது. என்னுடைய பரிசளிப்பு விழா ஒன்றுக்கும் அப்பா வந்ததில்லை. நான் ஓடியது, பாடியது, மேடையில் தடுக்கி விழுந்தது, ஒன்றையும் கண்டதில்லை. ஒருநாள் அவரே சொன்னார்: “மாகாணத்திலை வெண்டால் கொழும்பிலை போட்டி எண்டெல்லே சொன்னனி? நீ கொழும்புக்கு வா பிள்ளை. நான் கட்டாயம் வருவன். முதலாளியிட்டை இப்பவே சொல்லி வைக்கிறன்.”

அதுக்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. கொழும்பு. அப்பா ஒரு கதிரையில் இருந்து என்னைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தரம்.

மாகாண இறுதி ஆட்டம் யாழ்ப்பாணத்தில். கடல்பக்கத்துக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கண்ணுக்குள் போட்டது. எதிரே நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்று. அவர்களுக்கு ஆளுக்கொரு கையுறை, ஒரே நிறச் சப்பாத்து. எங்கள் போலர் அன்று வெள்ளைச் சப்பாத்துக்கு அழுக்குத் தெரியாமல் சோக்கட்டி பூசிக்கொண்டு வந்திருந்தாள்.

அவர்களின் முதலாம் தளத்தில் நின்றவள் குருநகர்ப் பெட்டை. கடலுக்கு மேலால் கூப்பிட்டுப் பழகின குரல். நான் முதல்முறை நடந்து போனபோது மேலும் கீழும் பார்த்தாள்.

“என்னடி, அடிக்காமலே வந்திட்டாய்?”

“ஓம்.”

இரண்டாம்முறையும் நடந்து போனேன்.

“திரும்பவுமோ? உனக்கு இஞ்சை காணி ஏதும் கிடக்கோ?”

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவளுக்கும்தான்.

ஆட்டம் சமநிலையில் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. எங்களுக்கு இன்னும் ஒரு ஓட்டம் வந்தால் வெற்றி. இரண்டு பேர் அவுட்டாகிவிட்டார்கள், மூன்றாமவளும் போனால் எங்கள் முறை முடிந்தது. மூன்று தளத்திலும் எங்கள் ஆட்கள். மூன்றாவதில், வீட்டுக்கு ஓடி வரத் தயாராக, கீப்பர். அடுத்தது நான்.

சேர் என் தோளைப் பிடித்தார்.

“இஞ்சை பார் பிள்ளை. ஒரு அடி காணும். அடிச்சியெண்டால் கொழும்பு பஸ்ஸிலை உனக்கு இடம். நிண்டு பாத்துக்கொண்டு நிண்டியெண்டால் பிறகு என்னட்டை வந்து ஒண்டும் கேக்கக்கூடாது.”

முதல் பந்து புறத்தில் போனது. சேர் சொன்னதற்காக விசுக்கினேன். காற்று. இரண்டாவது நல்ல பந்து. விசுக்கினேன். மட்டையின் நுனியில் பட்டு, மணிச்சத்தத்தோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே உருண்டது. அதுவும் ஸ்ட்ரைக். இன்னும் ஒன்று போனால் முடிந்தது.

அதோடு என் கை ஏனோ அமைதியாகிவிட்டது. அடுத்தது உயரம். விட்டேன். அடுத்தது நிலத்தில் குத்தியது. விட்டேன். அதற்கடுத்ததும் புறத்தில். எறிகிறவள் களைத்துவிட்டாள், ஒவ்வொரு தரமும் உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள். இப்போது மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக். வரப்போகிற பந்தோடு எல்லாம் முடியும்.

“அடி! அடி பிள்ளை!” சேரின் குரல் உடைந்தது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினீர்கள். “அடியடி!”

பந்து வந்தது. பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது: வேகம் குறையாது, நிற்காது, இது எனக்கில்லை. தோளுக்கு மேலால் போகப்போகிறது. அதற்கு விசுக்கினால் கொழும்பு கிடைக்கலாம் என்ற நினைப்பும் அந்தக் கணத்தில் இருந்தது. ஆனால் எனக்கில்லாததைப் பார்த்துக் கை நீட்ட என் உடம்புக்குத் தெரியவில்லை.

விட்டேன்.

நடுவர் கொஞ்சம் பொறுத்துத்தான் சொன்னார். “போல்.”

கீப்பர் மூன்றாம் தளத்திலிருந்து கையை விரித்துக்கொண்டு வந்து வீட்டுத்தளத்தில் குதித்தாள். நீங்கள் எல்லோரும் ஓடி வந்து அவளைக் கட்டிப்பிடித்தீர்கள். நானும் ஒரு அடி உங்கள் பக்கம் எடுத்து வைத்தேன்.

“பிள்ளை, நில்லும்,” என்றார் நடுவர். “நீர் போய் முதலாம் தளத்தைத் தொடவேணும். தொட்டால்தான் ஓட்டம் சரி.”

எனவே நான் திரும்பி நடந்தேன். முதுகுக்குப் பின்னால் உங்கள் சத்தம். முன்னால் வெறும் மைதானம். குருநகர்ப் பெட்டை தன் ஆட்கள் அழுகிற இடத்துக்குப் போகாமல், எனக்காகத் தளத்தில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

“கடைசி மட்டும் நடந்தே வெண்டிட்டாய். விசரி!” என்றாள். பிறகு தன் கையுறையைக் கழற்றினாள். “கையைக் கொண்டா.”

அன்றைக்கு எனக்குக் கை தந்தவள் அவள் ஒருத்திதான். இதைக் குத்திக்காட்டவில்லை. நீங்களும் பிள்ளைகள். ஓட்டம் வந்து விழுந்த இடத்துக்குத்தானே யாரும் ஓடுவார்கள்.

திங்கட்கிழமை வேம்படியில் சேர் கொழும்புக்குப் போகிறவர்களைச் சொன்னார். என் இடத்தில் உயர்தர வகுப்பில் தட்டெறிகிற அக்கா. தோள் அகலமான, நல்ல அக்கா.

“உன்னிலை கோபமில்லைப் பிள்ளை,” என்று சேர் தனியே கூப்பிட்டுச் சொன்னார். “அண்டைக்கு அந்தப் பிள்ளை களைச்சுப்போய்ப் பிழையா எறிஞ்சுது, எங்கடை அதிட்டம். கொழும்பிலை அப்பிடி ஒருத்தரும் எறியமாட்டினம். அங்கை அடிக்கிற ஆள் வேணும்.”

அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. வீட்டுக்குப் போய் அழுதேன். அம்மா வேலையுடுப்பு மாற்றாமலே என் தலையைத் தடவினா. “அப்பாவுக்கு நான் சொல்லுறன். நீ அழாதை.”

நான் நம்பிவிட்டேன்.

கொழும்பில் ஆட்டம் நடந்த நாள் பின்னேரம், நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அப்பாவின் அழைப்பு. ஞாயிறுமில்லை. பின்னால் மூட்டைச் சத்தத்துக்குப் பதிலாக விசில், கைதட்டல்.

“பிள்ளை, எங்கை நிக்கிறாய்? நான் உங்கடை சேருக்குக் கிட்ட வந்திட்டன். எல்லாரும் ஒரே உடுப்பு, ஆளைப் பிடிபடேல்லை. கையைத் தூக்கு பாப்பம்.”

தேங்காய்ப் பாதி மடியில் அப்படியே கிடந்தது.

“வீட்டை நிக்கிறன் அப்பா.”

அந்தப் பக்கம் மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. எங்கள் மட்டை. அந்த மணியை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

“ஆ,” என்றார் அப்பா. “சரி. வந்தனான்தானே. பாத்துப்போட்டுப் போறன்.”

அன்றிரவு அம்மா எனக்குச் சொன்னா: “மனுசன் புதுச் சேட்டெல்லாம் வாங்கி வைச்சிருந்தது பிள்ளை. எப்பிடிச் சொல்லுறது? சேரோடை ஒருக்காக் கதைச்சால் சரிவரும் எண்டு நினைச்சுக்கொண்டே இருந்திட்டன்.” அவவுக்கு வேலைமுறை முடிகிற நேரமெல்லாம் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும்.

மிச்சத்தைக் கீப்பர் வந்து சொன்னாள். நீங்கள் வருகிற எல்லாப் பந்துக்கும் விசுக்கினீர்களாம். தட்டெறிகிற அக்கா ஒன்றை வானத்துக்கு அனுப்பினாவாம். அது இறங்கி வந்து ஒருத்தியின் கையுறைக்குள் இருந்ததாம். மற்றதெல்லாம் காற்று. தோற்றுவிட்டீர்கள். அப்பா நீங்கள் இருக்கும் வாங்கிலில் ஒரு கரையில், மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு, கடைசிவரை இருந்தாராம். எப்போது கைதட்டுவது என்று தெரியாமல் இரண்டு ரீமுக்கும் தட்டினாராம். முடிந்ததும் எல்லோருக்கும் சோடா வாங்கித் தந்தாராம். அது நினைவிருக்கிறதா? நீங்கள் குடித்தீர்கள்.

“உன்ரை அப்பா என்னட்டைக் கேட்டவர், ‘என்ரை பிள்ளை நல்லா அடிப்பாளோ’ எண்டு,” என்றாள் கீப்பர்.

“நீ என்ன சொன்னனி?”

“அடிக்கமாட்டாள் அங்கிள், ஆனா லேசிலை அவுட்டாகவும் மாட்டாள் எண்டு சொன்னன். அவருக்கு விளங்கேல்லைப் போலை. தலையை மட்டும் ஆட்டினவர்.”

அந்தப் பையைச் சேர் என்னிடம் கொண்டுவந்து தந்தார். முகத்தைப் பார்க்காமல் தந்தார். உள்ளே இரண்டு கையுறை, புது ரப்பர் மணத்தோடு. கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர் போடுகிறது. பேஸ்போலுக்கு ஒரு கைக்குத்தான் போடுவார்கள் என்று அப்பாவுக்கு யார் சொல்வது? கையுறை போதாது என்று நான் எப்போதோ சொன்னதை நினைவு வைத்து வாங்கியிருக்கிறார். என் கைக்கு அவை பெரிது. கொஞ்சநாள் தலைமாட்டில் கிடந்தன. பிறகு ஒன்றை அம்மா அடுப்பிலிருந்து சட்டி இறக்க எடுத்தா. அது கருகி, மீன்குழம்பு மணத்து, ஒருநாள் குப்பையோடு போனது. மற்றது எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது. இந்தக் கிழமை முழுவதும் தேடினேன். கிடைக்கவில்லை.

கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது. காசு குறைந்த ரீம்கள் ஒரு ஆளை நல்ல ஆளாக்கியதும் வைத்திருக்க மாட்டார்களாம். கட்டுப்படியாகாது. விலை ஏறியதும் பெரிய ரீமுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு புதுப் பெடியனைக் கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்குவார்களாம். ரீம் நிற்கும், ஆட்கள் நிற்கமாட்டார்கள். இதை வாசித்தபோது நான் பஸ்ஸில் தலையை நிமிர்த்தி ஏ-ஒன்பதைப் பார்த்தேன். எங்கள் ஒவ்வொரு வீடும் இப்படித்தானே தாக்குப்பிடித்தது. கீப்பரை அனுப்பினார்கள், போலரை அனுப்பினார்கள், அவர்களுக்கு முன்னமே அப்பாவை அனுப்பினார்கள். வீடு நின்றது.

அப்பா போன வருசம் கடையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டார். முழங்கால் இனி மூட்டை தூக்க விடாது. ஒரே வீட்டில் இருக்கிறோம். அம்மா வேலைக்குப் போனால் அவரும் நானும்தான். அவர் ‘சாப்பிட்டியோ’ என்று கேட்பார். நான் ‘ஓம்’ என்பேன். அதற்குப் பிறகு தொலைபேசியைக் கொடுக்க அம்மா பக்கத்தில் இருக்கமாட்டா. இருவரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம்.

நேற்றுப் பின்னேரம் அவர் முற்றத்தில் முருங்கைக்குக் கீழே கதிரையைப் போட்டு அவித்த பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நீங்கள் ஒருவரும் வாசிக்காத கோபமோ என்னவோ, நான் போய் எதிரே குந்தியிருந்து கட்டுரை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். வேகமாகச் சொன்னேன், எனக்கு ஒரு விசயம் பிடித்துவிட்டால் மூச்சு விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். அவர் கிழங்கின் நாரை இழுத்தபடி கேட்டார்.

“அப்ப, அடிக்காமல் நிக்கிறதுக்கும் அங்கை காசு குடுக்கினமோ?”

“ஓம் அப்பா. இப்ப நல்ல காசு. எல்லாருக்கும் விளங்கியிட்டுது.”

“சும்மா நிக்கிறதுக்கு?”

“சும்மா இல்லை அப்பா. எதை விடுறது எண்டு தெரியவேணும். நாங்கள் யாழ்ப்பாணத்திலை வெண்டதும் அப்பிடித்தான்.”

அவர் நாரை இழுப்பதை நிறுத்தினார். நான் சொன்னேன். மூன்று தளத்திலும் ஆட்கள் நின்றது, இரண்டு ஸ்ட்ரைக், மூன்று போல், தோளுக்கு மேலால் போன பந்து. நடந்து போய்த் தளத்தைத் தொட்டது. இத்தனை வருசத்தில் முதல்தடவையாக.

“அப்ப அண்டைக்கு வெண்டது உன்னாலையோ?”

“ஓம்.”

“நீ எனக்குச் சொல்லேல்லையே.”

“நீங்கள் எத்தினை அடிச்சனி எண்டுதானே அப்பா கேட்டனீங்கள்.”

அவர் கையிலிருந்த கிழங்கை இரண்டாக முறித்தார். ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். மற்றதைத் தின்னாமல் வைத்துக்கொண்டிருந்தார். வீதியில் ஒரு பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது.

“அப்ப நான் வந்திருக்கவேண்டியது யாழ்ப்பாணத்துக்கு,” என்றார்.

அவர் கதிரையின் கையைப் பிடித்து மெல்ல நிமிர்ந்து இருந்தார்.

“எப்பிடி நிண்டனி? காட்டு பாப்பம்.”

“மட்டை இல்லையே அப்பா.”

“மட்டை எதுக்கு? நீதானே சொன்னனி, அடிக்கேல்லை எண்டு.”

நான் எழும்பினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மணலில் காலை அகட்டி வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடித்து, வெறும் இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். படலைப் பக்கமாக ஒன்று வந்தது. உயரம். விட்டேன். இன்னொன்று வந்தது. புறத்தில். விட்டேன்.

அப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.